இருவர் காணத்தக்க குளிர்கால நகர்



ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், குளிருக்கு மட்டும் கூதிர், முன்பனி, பின்பனி என மூன்று பெயர்களை வைத்தனர். ஆயினும் அவர்கள் அறிந்த பனி, கதிரவனைக் கண்டாற் கரையும் பனி. நுவரெலியாவில் தை மாதத்திற் புல்நுனி உறைவதைக் கண்டவர்களுக்குக்கூட, மாலை நான்கு மணிக்கே இருள் கவிந்து, மறுநாட் காலை எட்டு மணிவரை அவ்விருள் விலகாதிருக்கும் ஐரோப்பியக் குளிர்காலத்தின் தன்மை எளிதிற் புலப்படாது. அக்குளிர்காலத்தின் நடுவே, இலண்டன் போன்ற ஒரு பெருநகரில் உழைத்து வாழும் கணவனும் மனைவியும் நான்கு நாள் விடுமுறையில் வேறொரு நகரைக் கண்டு மீள விரும்பினால், கைப்பொருளுக்கு இசைந்த நகரை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நம்மவருட் பலருடைய மக்களும் மருமக்களும் இன்று அங்கே வாழ்கின்றனர். ஆதலின், இஃது அயலார் விடயம் என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

"ஊர் பார்க்கச் செல்வது பணம் படைத்தோர் செய்யும் காரியம் அன்றோ? உழைத்துப் பிழைப்பவர்களுக்கு இது எதற்கு?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் பகலிலும் மற்றவர் இரவிலுமாக வேலை செய்யும் இல்லங்கள் அந்நாடுகளிற் பல. ஒருவர் வாசலால் நுழையும்போது மற்றவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளிக்கிடுவார். அடுப்பங்கரையில் எழுதி வைத்த குறிப்புகளாலேயே பேசிக்கொள்ளும் தம்பதியருக்கு, சேர்ந்தாற்போல் நான்கு நாட்கள் கிடைப்பது ஆடம்பரமாகாது; அஃது இல்லறத்தைப் பேணும் ஒரு செலவாகும். ஆனால், அதே நான்கு நாட்கள், தெரிவு பிழைத்தால், குளிரிலும் மழையிலும் நின்று ஒருவரையொருவர் குறை கூறும் நாட்களாகவும் முடியலாம். சேர்த்த பணமும் போய், மனமும் கசந்து திரும்புவதில் என்ன பயன்? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. ஆகவே அளக்கும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் அளக்க வேண்டியது பணத்தையன்று, விருப்பத்தை. இருவரும் தனித்தனியே ஒரு தாளில், இப்பயணத்தில் தமக்கு வேண்டியவை மூன்றையும் வேண்டாதவை மூன்றையும் எழுதட்டும். எழுதி முடிக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்த்தலாகாது. "உங்களுக்கு எது விருப்பமோ அதுவே எனக்கும்" என்று விட்டுக்கொடுப்பது கேட்பதற்கு இனிதே. எனினும், அவ்வாறு விட்டுக்கொடுத்தவர் மூன்றாம் நாள் முகம் வாடியிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஒருவருக்கு வெயில் வேண்டும். மற்றவருக்குப் பழைய கட்டடங்கள் வேண்டும். ஒருவருக்கு நடக்க விருப்பம். மற்றவருக்கு முழங்கால் நோவு. இவை முன்னரே தாளில் வந்துவிட்டால், நகரைத் தெரிதல் பாதி முடிந்ததாகும்.

இரண்டாவது, காலம். குளிர்காலம் முழுவதும் மலிவானது என்று எண்ணுதல் தவறு. நவம்பர் மாதக் கடைசியிலிருந்து நத்தார் வரையில் நகரங்கள் தோறும் நத்தார்ச் சந்தைகள் கூடுகின்றன; அறை வாடகையும் அவற்றோடு ஏறுகின்றது. புத்தாண்டு வாரம் அதனினும் அதிகம். ஜனவரி 6ஆம் திகதித் திருநாள் கழிந்து, பள்ளிகளும் திறந்த பின்னரே விலைகள் இறங்குகின்றன. ஜனவரி இரண்டாம் வாரந் தொடங்கிப் பெப்ரவரி முற்பகுதி வரையுள்ள காலமே சிக்கனமான பயணிக்கு உகந்த காலம். அதனுள்ளும் வெள்ளி முதல் ஞாயிறு வரையுள்ள நாட்கள் விலை கூடியவை. திங்கள் முதல் வியாழன் வரையுள்ளவை குறைந்தவை. பிறர் ஓய்வெடுக்கும் நாளில் வேலை செய்து, வாரத்தின் நடுவில் ஓய்வு பெறுவோருக்கு, அந்த இடர்ப்பாடே இங்கு ஆதாயமாகிறது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: ஐரோப்பாவின் நூதனசாலைகளிற் பல திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும்.

மூன்றாவது, செலவு. இத்தம்பதியர் ஒதுக்கக்கூடிய தொகை 600 பவுண் என்று வைத்துக்கொள்வோம். போக்குவரவுக்கு 150, நான்கு இரவு தங்குவதற்கு 200, உணவுக்கும் நகருள் திரிவதற்கும் 150, எதிர்பாராத தேவைக்கு 50. எஞ்சிய 50 பவுணை இருவருக்கும் பிடித்த ஒரே ஒரு காரியத்துக்கென்று தனியே வைக்க வேண்டும். ஓர் இசைக்கச்சேரியோ, ஒரு நல்ல இராவுணவோ, ஏதேனும் ஒன்று. இந்தப் பங்கை எடுத்து வேறொன்றிற் செலவிட்டால், பயணம் முழுவதும் காசெண்ணிய நினைவே மிஞ்சும்.

இக்கணக்கைக் குழப்பும் கள்ளச் செலவுகள் சில உண்டு. விமானச் சீட்டின் விலை மிகக் குறைவாகத் தோன்றும். பெட்டிக்கு வேறு கட்டணம், அடுத்தடுத்த இருக்கைக்கு வேறு கட்டணம் என்று பின்னர் ஏறும். நகரின் பெயரைத் தாங்கிய விமான நிலையம் நகரில் இருக்க வேண்டும் என்பதுமில்லை. பாரிஸ் செல்வோரைச் சில மலிவு விமானங்கள் இறக்கிவிடும் போவே நிலையம், அந்நகரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்படும் விமானம் மலிவானதே. ஆனால் அந்நேரத்திற் புகைவண்டி இல்லாமல் வாடகைக் காரிற் சென்றால், மிச்சம்பிடித்தது எங்கே? பல நகரங்களில், தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் வரியொன்று அறை வாடகைக்கு மேலாக அறவிடப்படுகிறது. பணம் எடுக்கும் இயந்திரம், "உமது நாட்டு நாணயத்திற் கணக்கிடட்டுமா?" என்று அன்பாகக் கேட்கும்; வேண்டாமென்று மறுத்து, அந்த நாட்டு நாணயத்திலேயே பெறுதல் நன்று. அந்த அன்புக்கு விலை உண்டு.

எல்லாவற்றினும் பெரியதொரு செலவு, கடவுச்சீட்டைப் பொறுத்தது. பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையவர்கள் ஐரோப்பிய நாடுகளுக்குக் குறுகிய பயணமாகச் செல்ல விசா வேண்டியதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுடன் இலண்டனில் வாழ்பவர்களுக்கோ ஷெங்கன் விசா வேண்டும். அதன் கட்டணம் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருவருக்கு 90 யூரோவாக உயர்த்தப்பட்டது. விசா மறுக்கப்படினும் அப்பணம் மீளாது. குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதியும் காட்டுதல் வேண்டும். இருவருக்கு 180 யூரோ என்றால், நாம் ஒதுக்கிய தொகையில் நாலிலொரு பங்கு ஊரைப் பார்க்குமுன்னரே போய்விடுகிறது. இத்தகையோருக்குரிய வழியை இறுதியிற் சொல்வேன்.

இனி நகரங்களுக்கு வருவோம். குளிர்கால நகரைத் தெரிவதில் இருவகை நெறிகள் உள. குளிரை விட்டு ஓடுவது ஒன்று. குளிரோடு இணங்கி வாழக் கற்ற நகரை நாடுவது மற்றொன்று.

ஓட விரும்புவோருக்கு ஸ்பெயின் நாட்டின் தென்பாலுள்ள செவில் நகரைச் சொல்லலாம். ஜனவரி மாதத்திற் பகல் வெப்பம் அங்கே 16 பாகை அளவில் இருக்கும். மாலை ஆறு மணிவரை வெளிச்சம் உண்டு. வீதியோரமெங்கும் தோடை மரங்கள். குளிர்காலமே அவை பழுக்கும் பருவம். பார்ப்பதற்கு அழகிய அப்பழம் கடித்தாற் கசக்கும். ஆங்கிலேயர் காலையுணவில் பாணுக்குப் பூசி உண்ணும் மாமலேட் இப்பழத்தினாலேயே பேர்பெற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முஸ்லிம் மன்னர் ஆட்சியில் எழுந்த பள்ளிவாசற் கோபுரமே, இன்று பேராலயத்தின் மணிக்கோபுரமாகிய கிரால்டா. அதில் ஏறுவதற்குப் பெரும்பாலும் படிகளில்லை, சாய்தளமே உண்டு. எனவே முழங்கால் நோவுடையவரும் மெல்ல ஏறலாம். வார நாட்களில் உணவுச்சாலைகளில் நண்பகலுக்கென ஒரே விலையில் முழுச் சாப்பாடு கிடைக்கும். அதனைப் பிற்பகல் இரண்டு மணிக்கு உண்டு, இரவில் சிற்றுண்டியோடு அமைந்துவிட்டாற் செலவு குறையும். ஆனால் ஓர் எச்சரிக்கை. தென்னாட்டு வீடுகள் கோடைக்கென்று கட்டப்பட்டவை. கற்றளம், தடித்த சுவர், உயர்ந்த கூரை. இரவில் வெப்பம் ஐந்தாறு பாகைக்கு இறங்கும்போது, சூடேற்றும் வசதியில்லாத அறையிற் படுப்பது, வெளியே உறைபனி உள்ள நாட்டிற் படுப்பதிலும் துன்பமாகும். அறையைப் பதிவு செய்யுமுன், சூடேற்றும் கருவி உண்டோ என்று கேட்டே ஆகவேண்டும்.

குளிரோடு இணங்கி வாழும் நகருக்கு எடுத்துக்காட்டு, ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட். டான்யூப் நதியின் மேற்கரையிற் குன்றின்மேல் அமைந்த புடாவும், கீழ்க்கரைச் சமவெளியில் அமைந்த பெஸ்டும், பழைய புடாவும் 1873ஆம் ஆண்டில் ஒரே நகராயின. 1849இல் திறக்கப்பட்ட சங்கிலிப் பாலம் இரு கரைகளையும் இணைத்தது. 1945 ஜனவரியிற் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதனைத் தகர்த்தது. முதன்முதல் திறந்து நூறாண்டு நிறைந்த 1949இல் மக்கள் அதனை மீளத் திறந்தனர். ஐரோப்பியக் கண்டத்தின் முதல் நிலக்கீழ் மின்சார இரயில் 1896இல் ஓடத் தொடங்கியதும் இந்நகரிலேதான். அப்பாதையில் இன்றும் பயணம் செய்யலாம்.

இந்நகரின் சிறப்பு வெந்நீரூற்றுகள். நிலத்தின் கீழ் ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து 70 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்துடன் எழும் நீரை ஆற்றி, 1913இல் திறக்கப்பட்ட செச்செனி நீராட்டகத்தில் விடுகின்றனர். தலைக்கு மேலே வெண்பனி பொழிய, கழுத்தளவு வெந்நீரில் நின்று, முதியவர்கள் சதுரங்கம் ஆடுவதை அங்கே காணலாம். கோடையில் இந்த இன்பம் இல்லை. குளிர்தான் இதற்கு வேண்டிய சரக்கு. எனினும் இதிலும் விசாரித்தறிய வேண்டியன உள. வார இறுதியிற் கட்டணம் கூடுதல். துருக்கியர் காலத்துக் குவிமாடத்தையுடைய ருடாஸ் நீராட்டகத்தில், ஆடவர்க்கெனவும் பெண்டிர்க்கெனவும் வேறு வேறு நாட்கள் குறிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கணவனும் மனைவியும் வாசல்வரை சேர்ந்து சென்று ஒருவர் திரும்ப நேரிடலாமாகையால், முன்னரே கேட்டறிதல் நன்று. புகழ்பெற்ற கெல்லர்ட் நீராட்டகம் திருத்த வேலைகளுக்காக 2025 ஒக்டோபரில் மூடப்பட்டது. பழைய வழிகாட்டி நூலை நம்பிச் செல்வோர் ஏமாறுவது இவ்வாறே.

மூன்றாவது நகர், போலந்தின் பழைய தலைநகராகிய கிராக்கோவ். 1257இல் அளந்து வகுக்கப்பட்ட அதன் சந்தைச் சதுக்கம், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 200 மீற்றர் நீளமுடையது. அங்குள்ள மாதா ஆலயக் கோபுரத்திலிருந்து ஒவ்வொரு மணிக்கும் எக்காளம் ஊதப்படும்; அந்த இசை நடுவில் திடீரென அறுந்து நிற்கும். வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இச்செய்தி உவப்பளிக்கும்: 1927 தொடக்கம் போலந்து வானொலி இந்த எக்காளத்தை நண்பகலில் நாட்டுமக்களுக்கு ஒலிபரப்பி வருகின்றது. நகருக்கு அண்மையிலுள்ள வியெலிச்கா உப்புச் சுரங்கத்தின் உள்ளே, தரைக்குக் கீழ் நூறு மீற்றர் ஆழத்தில், உப்பிலேயே குடைந்த தேவாலயமும் உப்புப் பளிங்கால் ஆன சரவிளக்குகளும் உண்டு. மேலே உறைபனி எனினும் கீழே வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான படிகள் இறங்க வேண்டும், முழங்காலை எண்ணிக்கொள்க. பால் உணவகங்கள் என்று பெயர்பெற்ற எளிய சாப்பாட்டுக் கடைகளிற் சூடான கஞ்சிவகைகளும் உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை போன்ற பண்டமும் மலிவாகக் கிடைக்கும். கிராக்கோவின் குறை, குளிர்காலத்துப் புகைமூட்டம். நகரினுள் நிலக்கரியும் விறகும் எரிப்பதை 2019 செப்டெம்பர் முதல் தடை செய்தனர், நிலைமை திருந்தியுள்ளது. எனினும், ஈளை நோய் உடையவர்கள் இதனை எண்ணிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

கிராக்கோவிலிருந்து 70 கிலோமீற்றர் அளவில் அவுஷ்விட்ஸ் உள்ளது. 1940 முதல் 1945 வரை அங்கே ஏறக்குறைய பதினொரு இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் யூதர். பலர் அவ்விடத்தையும் பயணத்திற் சேர்க்கின்றனர். சேர்க்கலாம், ஆனால் உல்லாசப் பயணத்தின் ஓர் உருப்படியாக அதனைச் சேர்த்தலாகாது. இருவரும் மனமொத்துச் செல்வதாயின், அந்த நாளை அதற்கே விட்டு, அன்று மாலை வேறு எதனையும் குறிக்காதிருத்தலே அங்கு மாண்டார்க்குச் செய்யும் மரியாதை. ஒருவர் விரும்பி மற்றவர் அஞ்சினால், விரும்பியவர் தனியே சென்று வரட்டும், வற்புறுத்தல் வேண்டாம்.

விசாச் செலவைத் தாங்க இயலாதவர்களுக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். கடல் கடவாமலே காணத்தக்க நகர்கள் பிரித்தானியாவிலேயே உண்டு. அவற்றுள் யோர்க் நகரை முதலிற் சொல்வேன். இலண்டனிலிருந்து புகைவண்டியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். நகரைச் சூழ்ந்த பழைய மதிலின்மேல் மூன்று கிலோமீற்றருக்கு மேல் கட்டணமின்றி நடக்கலாம். மழை பெய்தால், பழைய நீராவி இயந்திரங்கள் நிறைந்த தேசிய இரயில்வே நூதனசாலைக்குள் ஒதுங்கலாம், அதற்கும் கட்டணமில்லை. இருவர் சேர்ந்து பயணம் செய்தாற் பெரும்பாலான சீட்டுகளில் மூன்றிலொரு பங்கு கழிக்கும் 'இருவர் அட்டை' ஒன்றை அந்நாட்டுப் புகைவண்டிப் பகுதியினர் விற்கின்றனர். வார நாட்களிற் காலை ஒன்பதரை மணிக்குப் பின்னரே அது செல்லும். அவ்வட்டையிற் பெயருள்ள இருவரும் ஒன்றாகவே செல்லவும் வேண்டும். தம்பதியரைப் பிரியவிடாத அட்டை என்று அதனைச் சொல்லலாம்!

இந்நான்கனுள் எது சிறந்தது? என் கருத்தைக் கேட்டால், இருவரும் குளிருக்கு அஞ்சாதவராயின் புடாபெஸ்டையே சொல்வேன். பகல் குறுகிய பருவத்தில், இருட்டிய பின்னரும் சேர்ந்திருந்து செய்வதற்கு ஏதேனும் உள்ள நகரே நல்ல நகர். மாலை நான்கு மணிக்கு இருட்டினாலும் வெந்நீர்த் தடாகம் இருக்கிறது, இசையரங்கு இருக்கிறது, கோப்பிக் கடையின் மூலையில் ஒரு மேசை இருக்கிறது. வெயிலை நம்பிச் சென்றவர், வெயில் வராவிட்டால் அறையில் முடங்குகின்றார். குளிரை எதிர்பார்த்துச் சென்றவரைக் குளிர் ஏமாற்றுவதில்லை. ஆயினும், தாளிலே இருவருள் ஒருவர் "வெயில்" என்று முதலாவதாக எழுதியிருந்தால், என் கருத்தை விட்டுவிடுங்கள், செவிலுக்கே செல்லுங்கள். ஆண்டு முழுவதும் இருட்டில் எழுந்து இருட்டில் வீடு திரும்பும் ஒருவருக்கு, ஆறு மணிவரை நீளும் ஒரு பகல் எத்துணை பெரிது என்பதை மற்றவர் உணர்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. நான்கு நாட்களுக்கும் நாழிகை வாரியாக நிரல் போட வேண்டாம். நாளொன்றுக்கு ஒரு காட்சி போதும். ஒரு முற்பகலை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவையுங்கள். விடிந்தும் எழவேண்டியதில்லை என்ற நிலையில், இருவரும் ஒரே நேரத்திற் கண்விழித்து, ஒரே மேசையிலிருந்து ஒரு கோப்பை தேநீர் பருகும் அந்த முற்பகலுக்குக் கட்டணமில்லை. வேலை நேரங்களால் ஆண்டெல்லாம் அவர்களுக்குக் கிட்டாதது அதுவே. அதற்கு இடந்தரும் நகர் எதுவோ, அதுவே அவர்களுக்கேற்ற நகர்.